நார்ஃபோக் கிராமத்துல பழைய காட்டேஜ் வாங்கலாமா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்கிற விஷயம், இங்க கேட்டா நாலு பேர் அனுபவம் தெரியும்னு போடுறேன். வைஃப் கிங்ஸ் லின்ல நர்ஸ், நான் ஐ.டி, வாரத்துல ரெண்டு நாள் கேம்பிரிட்ஜ் ஆபீஸ் போகணும் மத்த நாள் வீட்டுலருந்தே வேலை. பொண்ணுக்கு ஒம்பது வயசு, பையன் இப்பத்தான் ஸ்கூல்ல முதல் வகுப்பான ரிசப்ஷன் சேந்திருக்கான். ஐ.எல்.ஆர் (இங்க நிரந்தரமா இருக்க அனுமதி) வந்துருச்சு, டெபாசிட்டும் ஓரளவு சேந்துருச்சு, இனி மாசாமாசம் வாடகை குடுக்க மனசு வரல.

லின்னுக்கு கிழக்க, கேஸில் ஏக்கர் பக்கம் ஒரு சின்ன கிராமம். அங்க ஒரு காட்டேஜ் 3,40,000 பவுண்டுக்கு வந்திருக்கு. மூணு பெட்ரூம், கார்ஸ்டோன்னு சொல்ற செம்பழுப்புக் கல்லுல கட்டுனது, மேல ஓடு, பின்னாடி ஆப்பிள் மரத்தோட பெரிய தோட்டம். 1780 வாக்குல கட்டுனதுன்னு ஏஜென்ட் சொல்றார், கிரேட் 2 லிஸ்டட், அதாவது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம். தெருமுனையில சர்ச், அதுக்கு எதுக்க பப், நடுவுல புல்தரை. சனிக்கிழமை நல்ல வெயில்ல போய்ப் பாத்தோம், பசங்க அந்த தோட்டத்தை விட்டு வரவே மாட்டேன்னுட்டாங்க. கேஸ் லைன் கிடையாது, ஆயில் ஹீட்டிங், செப்டிக் டேங்க். இதெல்லாம் எங்களுக்குப் புதுசு. மதுரையில என் பேர்ல ஒரு ஃபிளாட் வாடகைக்கு விட்டிருக்கேன், அதை வித்துட்டு இதுல போடலாமான்னும் ஒரு யோசனை.

கிராமத்துல நம்மாளுங்க வாழ்க்கை எப்படி இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி என்ன என்ன பாக்கணும், கொஞ்சம் விவரமா சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.


கொங்குத்தென்றல்:

தாராளமா வாங்குங்க நண்பா. நாங்க ஷ்ராப்ஷயர்ல லட்லோ பக்கம் ஒரு கிராமத்துல இருக்கோம், திரும்ப டவுனுக்குப் போற எண்ணமே இல்லீங்க. ரோட்டோரம் பெட்டியில முட்டை வெச்சிருப்பாங்க, காசைப் போட்டுட்டு எடுத்துட்டு வர வேண்டியதுதான், ஆள் யாரும் நிக்கமாட்டாங்க. ராத்திரி தெருவிளக்கு இல்லாததால வானத்துல அத்தனை நட்சத்திரம், எங்க ஊர்ப் பக்கம் சின்ன வயசுல மொட்டை மாடியில படுத்துப் பாத்தது, அதுக்கப்புறம் இங்கதான் பாக்குறேன். பசங்க வெளியில ஓடி ஆடி வளர்றாங்க. பனி விழுந்தப்ப எங்க காரை டிராக்டர் கட்டி இழுத்து விட்டவர் அதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல. ஆனா ஒண்ணு, ரெண்டு கார் இல்லாம கிராமத்துப் பக்கம் வந்துராதீங்க.


கணக்குப்புள்ளை:

வைகைக்கரை, வீட்டுக்கு முன்னாடி அந்த மதுரை ஃபிளாட்டைப் பத்திப் பேசிருவோம், ஏன்னா எல்லாத்தையும் விடப் பெரிய தொகை அங்கதான் இருக்கு.

இங்கிலாந்துல வீடு வாங்கும்போது கட்டுற ஸ்டாம்ப் டியூட்டி 2025 ஏப்ரல் 1லருந்து எப்படின்னா, முதல் 1,25,000க்கு எதுவும் இல்ல, அதுக்கு மேல 2,50,000 வரைக்கும் 2 சதவீதம், அதுக்கு மேல 9,25,000 வரைக்கும் 5 சதவீதம். 3,40,000 வீட்டுக்கு கணக்குப் போட்டா 7,000 பவுண்ட் வரும். முதல் முறை வாங்குறவங்களுக்கு 3,00,000 வரைக்கும் கிடையாது, மிச்சத்துக்கு 5 சதவீதம், அப்படின்னா 2,000தான். நீங்க மனசுல இந்த ரெண்டாயிரத்தைத்தான் வெச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

ஆனா முதல் முறைன்னா உலகத்துல எங்கயுமே வீடு சொந்தமா இருந்திருக்கக் கூடாது. மதுரை, யாழ்ப்பாணம், துபாய் எல்லாமே கணக்குல வரும், அப்பா தாத்தா விட்டுட்டுப் போன பங்கும் சேத்துதான். அதோட நிக்கல. 40,000 பவுண்டோ அதுக்கு மேலயோ மதிப்புள்ள வீடு எங்கயாவது கையில இருக்கும்போது இங்க இன்னொண்ணு வாங்குனா மொத்த விலைக்கும் கூடுதலா 5 சதவீதம், 2024 அக்டோபர் கடைசியில அதை 3லருந்து 5ஆ ஏத்திட்டாங்க. உங்க ஃபிளாட் அந்த மதிப்பைத் தாண்டுனா 7,000 கூட 17,000 சேத்து 24,000 பவுண்ட் கட்டணும். வைஃப் பேர்ல மட்டும் வாங்குனா தப்பிக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, நடக்காது, சேந்து வாழ்ற கணவன் மனைவியை இதுக்கு ஒரே ஆளாத்தான் பாப்பாங்க. கம்ப்ளீஷன் (இங்க வீடு உங்க கைக்கு வர்ற) தேதிக்கு முன்னாடி மதுரை ஃபிளாட் உண்மையா கை மாறியிருந்தா அந்த 17,000 வராது, 7,000 மட்டும்தான். அங்க வித்தா இந்தியாவுல வரி, இங்கயும் காட்டணும், அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரு ஆடிட்டர்கிட்ட இப்பவே பேசிருங்க. ஊர்ல பத்திரம் முடியறதுக்கு எவ்வளவு இழுக்கும்னு உங்களுக்கே தெரியும்.


பனங்கூடல்:

தம்பி வணக்கம். நாங்கள் ஹரோவில கனகாலம் இருந்திட்டு, பிள்ளையள் யூனிக்குப் போனாப் பிறகு கடைய வித்துப்போட்டு ஈலிக்குக் கிட்ட ஃபென்ஸ் எண்ட பள்ளச் சதுப்பு நிலப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்தனாங்கள். இஞ்ச சனம் நல்ல சனம், அதில குறை சொல்ல ஏலாது. நான் சொல்ல வாறது வீட்டைப் பற்றி இல்லை, நிலத்துக்குக் கீழ இருக்கிறதைப் பற்றி.

செப்டிக் டேங்க் எண்டா அது ஆரின்ர வளவுக்குள்ள இருக்கு, எத்தினை வீடு அதைப் பாவிக்குது, கழிவுத்தண்ணி கடைசியா எங்க போய் விழுகுது, இந்த மூண்டையும் கேளுங்கோ. முந்தின காலத்தில கனபேர் நேரா வாய்க்காலுக்குள்ள விட்டவை. 2020 ஜனவரி 1க்குப் பிறகு இங்கிலாந்தில செப்டிக் டேங்க் தண்ணி நேரா வாய்க்காலுக்கோ ஆத்துக்கோ போகக் கூடாது. ஒண்டில் நிலத்துக்குள்ள ஊறிப் போற மாதிரி குழாய் தாட்டு விடோணும், இல்லாட்டி சுத்திகரிக்கிற பிளான்ட் போடோணும். புதுசாப் போடுறதெண்டால் கிண்டுற கூலியெல்லாம் சேர்த்து பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். விக்கிறவர் "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் வரேல்லை" எண்டுதான் சொல்லுவார். அந்தப் பேச்சை விடுங்கோ, சொலிசிட்டர் (சட்டத்தரணி) மூலம் எழுத்தில கேளுங்கோ, வீட்டு சர்வே செய்யிறவர் மண்ணுக்குள்ள இறங்கிப் பாக்க மாட்டார், அதுக்குத் தனி ஆளைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து பாக்க வையுங்கோ. விலை குறைக்கிறதுக்கு இதை விட நல்ல காரணம் உங்களுக்குக் கிடையாது.

ஆயில் பற்றி. கரண்டுக்கும் கேஸுக்கும் ஒஃப்ஜெம் எண்ட அரச அமைப்பு போடுற விலை வரம்பு இருக்கு, ஹீட்டிங் ஆயிலுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. 2022இல யுக்ரேன் சண்டை தொடங்கினவுடன விலை ஏறின ஏத்தம் இஞ்ச ஆரும் மறக்கேல்லை. கொண்டு வந்து தாறவை அநேகமா 500 லீட்டருக்குக் குறைய ஊத்த மாட்டினம், அதால ஒரேயடியாக் காசு எடுத்து வைக்கோணும். எங்கட ஊரில எல்லாரும் சேர்ந்து ஓடர் குடுக்கிற குழு ஒண்டு இருக்கு, விலை கொஞ்சம் குறையும், உங்கட கிராமத்திலயும் இருக்கும் பப்பில விசாரியுங்கோ. கோடை காலத்தில நிரப்பி வையுங்கோ. டேங்க் பழசோ, ஒற்றைச் சுவரோ, அதையும் பாருங்கோ, ஒழுகி மண்ணுக்குள்ள போச்சுதெண்டால் துப்பரவாக்கிற செலவு உங்கட தலையில.


ஈஸ்ட்ஹாம்காரன்:

எல்லாரும் முட்டை, நட்சத்திரம்னு எழுதுறீங்க, நான் நேராவே கேக்குறேன். அந்த ஊர்ல நம்ம கலர்ல வேற எத்தனை குடும்பம் இருக்கு? பத்து வயசுல அந்தப் பொண்ணுக்குத் தோழி யாரு? பரதநாட்டியம், தமிழ் கிளாஸ், முருகன் கோயில் எல்லாம் எங்க? இங்க ஈஸ்ட் ஹாம்ல வீட்டை விட்டு இறங்குனா கோயில், இடியாப்பம், முருங்கைக்காய், நம்ம பாஷை. சின்ன ஃபிளாட்டா இருந்தாலும் பரவால்ல மனுஷங்க இருக்காங்க. 2024 ஆகஸ்ட்ல ஊர் ஊரா கலவரம் நடந்தப்ப எங்க தெருவுல நாங்க கூட்டமா இருந்தோம், அந்த மாதிரி நேரத்துல நீங்க அங்க ஒத்தையில என்ன பண்ணுவீங்க? பசங்க வளர்ந்ததும் "எங்களை ஏன் இங்க கொண்டு வந்தீங்க"ன்னு கேப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, அக்கறையில கேக்குறேன்.


தாழம்பூ:

ஈஸ்ட்ஹாம்காரன் அண்ணா, நீங்க கேக்குறது நியாயமான கேள்விதான், நான் பதில் சொல்றேன். நாங்க லிங்கன்ஷயர்ல ஸ்லீஃபோர்ட் பக்கம் கிராமத்துல இருக்கோம், எங்க ஊர்ல எங்களைத் தவிர நம்மாளுங்க யாரும் இல்ல.

வந்த புதுசுல எல்லாரும் பாப்பாங்க. அது வெறுப்பு இல்ல, யாரு எந்த வீட்டுக்கு வந்திருக்காங்கன்னு பாக்குறது, நம்ம கிராமத்துலயும் புதுசா ஒருத்தர் பஸ்ஸை விட்டு இறங்குனா திண்ணையில இருக்கிறவங்க எல்லாரும் பாக்கத்தான் செய்வாங்க. மூஞ்சிக்கு நேரா கேவலமா பேசுனவங்களும் உண்டு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், பெட்ரோல் பங்க்ல ஒருத்தன் சொன்ன வார்த்தை இன்னும் மனசுல இருக்கு. ஆனா அன்னிக்கே ஊர்ல விஷயம் தெரிஞ்சு பக்கத்து வீட்டம்மா கேக் எடுத்துட்டு வந்து உக்காந்து கண்கலங்கிட்டுப் போனாங்க. 2024 ஆகஸ்ட்ல பாரிஷ் கவுன்சில்ல (நம்ம ஊராட்சி மாதிரி) இருக்கிற ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்து நம்பர் குடுத்து எந்த நேரமானாலும் கூப்பிடுங்கன்னார். லண்டன்ல இருந்த வரைக்கும் எங்க மேல் வீட்டுக்காரங்க பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

ஆனா ஒண்ணு, வீட்டுக்குள்ளயே இருந்தா யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க. நாமதான் போகணும். சர்ச் புல்லு வெட்டுற நாளைக்கு என் வீட்டுக்காரர் போவார், நாங்க இந்து குடும்பம், யாரும் எதுவும் கேட்டதில்ல, வேலை செஞ்சா டீ குடுப்பாங்க. வில்லேஜ் ஹால்ல அறுவடை விருந்துக்கு நான் லெமன் சாதமும் உருளைக்கிழங்கு பொடிமாஸும் கொண்டு போனேன், இப்ப அது இல்லாம விருந்து கிடையாதுன்னு சொல்றாங்க. பப் வித்துட்டுப் போறாங்கன்னு பேச்சு வந்தப்ப ஊரே கூடி அதை சமூகச் சொத்துன்னு கவுன்சில்ல பதிவு பண்ணுச்சு, 2011ல வந்த சட்டம் அதுக்கு இடம் குடுக்குது, ஓனர் விக்கும்போது ஊர்க்காரங்க வாங்கணும்னு கேட்டா காசு திரட்ட அப்ப ஆறு மாசம் டைம் குடுக்கணும்னு இருந்துச்சு. அந்த மீட்டிங்ல நானும் எழுந்து பேசினேன். அன்னிக்குத்தான் இது என் ஊருன்னு எனக்குத் தோணுச்சு.

தமிழ் கிளாஸ் ஆன்லைன்ல நடக்குது. கோயிலுக்கு பர்மிங்ஹாம் பக்கம் டிவிடேல் பாலாஜி, இல்லன்னா லண்டன் ஹைகேட் முருகன். தூரம்தான், அதை மறைக்க முடியாது, தைப்பூசத்தன்னிக்கு மனசு அடிச்சுக்கும்.


சாரல்:

கட்டட சர்வே வேலையில இருக்கேன், பழைய வீடுங்கதான் அதிகம் பாக்குறது. இந்த இழையில கார்ஸ்டோன் வீடுன்னு பாத்ததும் எழுதாம இருக்க முடியல, கொஞ்சம் நீளமாப் போகும்.

1919க்கு முன்னாடி கட்டுன வீட்டுக்கு நடுவுல இடைவெளி விட்ட ரெட்டைச் சுவர் பெரும்பாலும் கிடையாது, ஒரே கெட்டிச் சுவர், சுண்ணாம்புக் காரை வெச்சுக் கட்டுனது. நம்ம ஊர்ல சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணியும் விட்டு அரைச்சுக் கட்டுன பழைய வீடுங்களைப் பாத்திருப்பீங்க, அதே குணம்தான். மழை நனைக்கும், சுவர் ஈரத்தை உள்ள இழுக்கும், காத்தும் வெயிலும் பட்டு அதே வழியா வெளிய விடும். இந்த ஊர்ல நடந்த கெடுதல் என்னன்னா போன நூற்றாண்டுல வந்தவங்க கல்லுக்கு நடுவுல சிமென்ட் வெச்சு அடைச்சாங்க, வெளிச்சுவருக்கு சிமென்ட் பூசுனாங்க, உள்ள பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சாங்க. ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னுடுது. குளிர்ல அந்த ஈரம் உறைஞ்சு விரியும்போது மென்மையான கல்லும் செங்கல்லும் முகம் பேத்துக்கிட்டு விழும், சிமென்ட் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். அப்புறம் டேம்ப் (சுவர்ல ஈரம்) இருக்குன்னு ஒருத்தர் மீட்டரை வெச்சுக் காட்டி சுவர்ல ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்தணும்பார், அவரே அதை விக்கிறவர். பல வீட்டுல செய்ய வேண்டியது வேற. சிமென்ட்டை எடுத்துட்டு சுண்ணாம்புக்கு மாறணும், வெளியில மண் மட்டம் ஏறிக் கிடந்தா வெட்டி இறக்கணும், ஒழுகுற தூம்புகளைச் சரி பண்ணணும்.

அதனால மார்ட்கேஜ் பேங்க் அனுப்புற வேல்யுவேஷனை சர்வேன்னு நினைச்சுராதீங்க, அது பேங்கோட பணத்துக்குப் பாதுகாப்பு, உங்களுக்கு இல்ல. வீட்டை முழுசா விவரமா ஆராயுற லெவல் 3 சர்வே எடுங்க, எடுக்கிறவர்கிட்ட "நீங்க பழைய சுண்ணாம்புக் கட்டடம் பாக்குறவரா"ன்னு நேராவே கேளுங்க. மேல ஏறும்போது ஓட்டுக்கு அடியில ஸ்ப்ரே ஃபோம் அடிச்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அது இருந்தா கடன் குடுக்க மறுக்கிற பேங்குகள் நிறைய. வௌவால் இருந்தா விரட்டவோ அதோட இடத்தை அடைக்கவோ கூடாது, எல்லா வகை வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, கூரை வேலைக்கு முன்னாடி தனியா ஆய்வு பண்ணணும்.

இப்ப லிஸ்டட் விஷயம். கிரேட் 2ன்னா முகப்பு மட்டும்னு பலர் நினைக்கிறாங்க, கிடையாது, உள்ள இருக்கிற படிக்கட்டு, கதவு, அடுப்பங்கரை உத்தரம் எல்லாம் சேத்துதான். அதோட தன்மை மாற மாதிரி எது செஞ்சாலும் கவுன்சில் அனுமதி வேணும், வாங்காம செஞ்சா கிரிமினல் குற்றம். முக்கியமா ஒண்ணு, முந்தின ஓனர் அனுமதி இல்லாம செஞ்சிருந்தா அதுக்காக உங்க மேல வழக்குப் போட மாட்டாங்க, ஆனா "பழையபடி மாத்து"ன்னு இப்ப ஓனரா இருக்கிற உங்களுக்குத்தான் உத்தரவு வரும், அதுக்கு கால வரம்பும் கிடையாது. ஜன்னல் என்ன மெட்டீரியல்னு பாத்தீங்களா?


வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. வைஃபும் நானும் ராத்திரி உக்காந்து ஒண்ணொண்ணா படிச்சோம். கணக்குப்புள்ளை சார், ஃபிளாட் விஷயமா அண்ணன்கிட்ட பேசிட்டேன், ஏற்கனவே வாடகைக்கு இருக்கிறவரே வாங்கிக்கிறேன்னு கேட்டுக்கிட்டு இருந்தார், அதை முதல்ல முடிக்கப் பாக்குறோம்.

சாரல், போட்டோவை எடுத்துப் பாத்தேன், முன்பக்கம் மர ஜன்னல், பின்பக்கம் ரெண்டும் வெள்ளை பிளாஸ்டிக் டபுள் கிளேசிங். ஏஜென்ட்கிட்ட கேட்டா இன்டெம்னிட்டி பாலிசி (இந்த மாதிரி சட்டச் சிக்கலால வர்ற நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ்) எடுத்துக்கலாம்னு சொல்றார்.

இன்னும் ரெண்டு கேள்வி. பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல செகண்டரி ஸ்கூல், அது எப்படி? அம்மா மதுரையிலருந்து ஒவ்வொரு கோடையிலயும் வந்து தங்குவாங்க, இனி இன்னும் கொஞ்சம் அதிக நாள் வெச்சுக்கணும்னு எங்களுக்கு ஆசை. கிராமம் அவங்களுக்கு ஒத்துவருமா?


சாரல்:

இன்டெம்னிட்டி பாலிசி காசு இழப்புக்குத்தான், கவுன்சில் உத்தரவைத் தடுக்காது. தவிர பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்களே கவுன்சில்ல போய் விசாரிச்சீங்கன்னா பல கம்பெனி பாலிசியே தராது, அதனால சொலிசிட்டரைக் கேக்காம நீங்களா கன்சர்வேஷன் ஆபீசருக்கு (கவுன்சில்ல பழைய கட்டடங்களைப் பாத்துக்கிறவர்) போன் பண்ணிராதீங்க. என்னைக் கேட்டா ரெண்டு மர ஜன்னல் செஞ்சு மாட்ட என்ன செலவோ அதை விலையில குறைக்கச் சொல்லிக் கேளுங்க. வீடு கட்டி எழுப்புனது எந்த வருஷம், லிஸ்ட் பண்ணுனது எப்ப, ஜன்னல் போட்டது அதுக்கு முன்னயா பின்னயான்னும் பாருங்க. லிஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே போட்டிருந்தா பிரச்சினை இல்ல. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வெப்சைட்ல அந்த வீட்டோட பதிவு இலவசமா இருக்கு, தேதியும் போட்டிருக்கும்.


தாழம்பூ:

அம்மா விஷயத்துல நான் மனசுல பட்டதைச் சொல்லிடுறேன். என் மாமியார் எங்ககூட இருந்தப்ப கோடையில சந்தோஷமா இருந்தாங்க, தோட்டத்துல புதினாவும் வெந்தயக்கீரையும் போட்டாங்க, பக்கத்து வீட்டம்மா பீன்ஸும் சுரைக்காய் மாதிரி ஒரு காயும் குடுப்பாங்க, இவங்க அதுல கூட்டு வெச்சுத் திருப்பிக் குடுப்பாங்க, பாஷை தெரியாமலே ரெண்டு பேரும் வேலி ஓரம் நின்னு பேசிட்டே இருப்பாங்க. நவம்பர்ல எல்லாம் மாறிடுச்சு. நாலு மணிக்கு இருட்டு, ரோட்டுல நடைபாதை கிடையாது, தெருவிளக்கு கிடையாது, சேறு. டவுன்ல இருந்தா பஸ் ஏறி கடைக்காவது போவாங்க. இங்க பஸ் டிக்கெட் 3 பவுண்டுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு இருக்கு, ஆனா பஸ் வந்தாத்தானே. எங்க ஊருக்கு வாரத்துல சில நாள்தான். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா நாள் முழுக்க அந்தச் சுவர்தான் துணை. அம்மாவை அதிக நாள் வெச்சுக்கிறது உங்க திட்டத்துல முக்கியம்னா, கடையும் சர்ஜரியும் (ஜி.பி. டாக்டர் கிளினிக்) நடந்து போற தூரத்துல இருக்கிற பெரிய கிராமமாப் பாருங்க, டெர்ஸிங்கம், ஹீச்சம் மாதிரி. அங்க எல்லாம் இருக்கு. கிராமம்னு சொன்னா எல்லாம் ஒண்ணு இல்ல.

மருந்துக்குப் பயப்பட வேண்டாம், கிராமப்புறத்துல பார்மசிக்கு 1.6 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிறவங்களுக்கு ஜி.பி. சர்ஜரியிலேயே மருந்து குடுக்க அனுமதி உண்டு, பல இடத்துல குடுக்கிறாங்க.

ஸ்கூல். சின்ன பிரைமரியில ரெண்டு மூணு வகுப்புப் பசங்க ஒரே ரூம்ல இருப்பாங்க, அது என் பசங்களுக்கு நல்லதாத்தான் இருந்துச்சு. செகண்டரிக்கு பஸ். 8 வயசு வரைக்கும் 2 மைல், அதுக்கு மேல 16 வரைக்கும் 3 மைல், அதைவிடத் தூரமா இருந்தா பக்கத்து ஸ்கூலுக்கு இலவச பஸ் குடுக்கணும். பக்கத்துல இருக்கிற ஸ்கூலுக்குத்தான், நீங்க ஆசைப்பட்ட ஸ்கூலுக்கு இல்ல, அதை கவுன்சில்ல அட்ரஸ் குடுத்துக் கேட்டுருங்க. 16க்கு மேல பஸ்ஸுக்குக் காசு கட்டணும். அந்த வயசுலதான் பொண்ணுக்கு தோழி வீடு, சினிமா, சனிக்கிழமை வேலை எல்லாம் வரும், ஒவ்வொண்ணுக்கும் கார் எடுக்கணும். ஈஸ்ட்ஹாம்காரன் அண்ணா சொன்னதுல எனக்கு நெஞ்சுல பட்டது அந்த ஒரு பாயின்ட்தான்.


ஈஸ்ட்ஹாம்காரன்:

தாழம்பூ, நேர்மையா எழுதுனதுக்கு நன்றிம்மா. அந்த பப் மீட்டிங் விஷயம் படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. என் கருத்து மாறல, ஆனா இப்படி இறங்கிப் பழகுற மனசு இருந்தா வாழலாம்னு ஒத்துக்குறேன்.


பனங்கூடல்:

இன்னும் ரெண்டு விஷயம் சொல்லிப்போட்டுப் போறன். பழைய காட்டேஜ் வரிசையா ஒட்டி இருந்தா பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியோட உங்கட பின்வளவுக்குள்ளால நடந்து போற உரிமை பத்திரத்தில இருக்கலாம். வயல் பக்கம் எண்டா பொதுப்பாதை உங்கட தோட்டத்துக்குள்ளால போகும், ஆரும் நடக்கலாம், வேலி போட்டு மறிக்க ஏலாது. கவுன்சிலிட்ட அதுக்கெண்டு வரைபடம் இருக்கு. வீட்டுக்கு வாற பாதை ஆற்ர பொறுப்பு எண்டும் கேளுங்கோ, கவுன்சில் எடுக்காத பாதை எண்டால் குழி விழுந்தா உங்கட காசு.

மற்றது தண்ணி. எங்கட ஃபென்ஸ் பக்கம் கன நிலம் கடல் மட்டத்துக்குக் கீழ, 1650களில வெர்மைடன் எண்ட ஒல்லாந்து எஞ்சினியர் வந்து நார்ஃபோக்கில இருக்கிற டென்வரில மடை கட்டி வடிச்ச நிலம், இண்டைக்கும் பம்ப் ஓடாட்டி தாண்டு போகும். உங்கட கேஸில் ஏக்கர் மேட்டுப் பக்கம், பயம் குறைவு, எண்டாலும் என்விரான்மென்ட் ஏஜென்சி தளத்தில அட்ரஸ் போட்டுப் பாருங்கோ. வெள்ளம் வாற இடத்தில காப்புறுதி எடுக்க ஃப்ளட் ரீ எண்ட திட்டம் 2016இல தொடங்கினது, 2009க்கு முன்னம் கட்டின வீட்டுக்குத்தான், அது 2039இல முடியும். இப்ப வாங்கிற வீட்டை நீங்கள் விக்கிற நேரம் அது இருக்காது, யோசியுங்கோ.


சாரல்:

பனங்கூடல் ஐயா சொன்னதோட ஒண்ணு. கடற்கரைப் பக்கம் மலிவா வந்திருக்குன்னு யாராவது ஹெம்ஸ்பி, ஹேப்பிஸ்பர்க் காட்டுனா கிட்டவே போகாதீங்க. அங்க கரை அரிச்சு வீடுங்க கடலுக்குள்ள போயிருக்கு, சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் கடல் அரிப்புக்கு எதுவும் தராது. பர்ன்ஹாம் மார்க்கெட்ங்கிற ஊர்ப் பக்கம் வேற கதை, லண்டன்காரங்க லீவு வீடு, விலை எட்டாது, குளிர்காலத்துல பாதி வீட்டுல விளக்கு எரியாது. 2025 ஏப்ரல்லருந்து ரெண்டாவது வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸை இரட்டிப்பா வாங்க அனுமதி குடுத்திருக்காங்க, அதனால ஊர் திரும்ப உயிர் பெறுமான்னு பாக்கணும், அங்க பொறந்த பசங்களுக்கே அங்க வீடு வாங்க முடியலங்கிறது கொடுமை.

உங்க ஏரியாவுக்குன்னு சொன்னா ஆர்.ஏ.எஃப் மார்ஹம் விமானப்படைத் தளம் ரொம்பப் பக்கம், எஃப்-35 போர் விமானம் அங்கருந்துதான் பறக்கும். சனிக்கிழமை போனா சத்தம் தெரியாது, வீட்டுலருந்து மீட்டிங் எடுக்கிறவர் நீங்க, வேலை நாள்ல போய் நில்லுங்க. இலையுதிர் காலத்துலருந்து குளிர் முடியற வரைக்கும் விஸிங்டன் சர்க்கரை ஆலைக்கு பீட் (சர்க்கரைக் கிழங்கு) லாரி ஓடும், சின்ன ரோடெல்லாம் சேறு. வயலுக்கு சாணிக்கரைசல் அடிக்கிற வாரம் துணி காயப்போட முடியாது. இதெல்லாம் வேலை செய்ற ஊரோட அடையாளம், பழகிடும், ஆனா தெரிஞ்சு வாங்கணும்.

பிராட்பேண்ட் போஸ்ட்கோடு வெச்சுப் பாக்காதீங்க, வீட்டு அட்ரஸ் வெச்சு ஆஃப்காம் (தொலைத்தொடர்பு கண்காணிப்பு அமைப்பு) தளத்துல பாருங்க, ஒரே தெருவுல ஃபைபர் பாதி தூரத்துல நின்னுருக்கும். ரெண்டடி கல் சுவருக்குள்ள மொபைல் சிக்னல் நிக்காது, வீட்டுக்குள்ள நின்னு போன் போட்டுப் பாருங்க.


கணக்குப்புள்ளை:

நார்ஃபோக்ல இடைக்கால சர்ச்சுகள் மட்டும் அறுநூறுக்கு மேல இருக்கு, அதனால இதையும் சொல்லிடுறேன். சில நிலத்துக்கு பக்கத்து சர்ச்சோட ஒரு பகுதியை ரிப்பேர் பண்ற பழைய கடமை ஒட்டிக்கிட்டு இருக்கும். வார்விக்‌ஷயர்ல ஆஸ்டன் கான்ட்லோங்கிற ஊர்ல ஒரு தம்பதி அதுல மாட்டி, 2003ல ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போயும் தோத்து, கடைசியில அந்தப் பண்ணையையே விக்க வேண்டியதாச்சு. 2013 அக்டோபருக்கு அப்புறம் பதிவு பண்ணாத கடமைக்கு புதுசா விலைக்கு வாங்குறவங்க பொறுப்பாக மாட்டாங்க, சொலிசிட்டர் பாத்துப்பார், நீங்க கேட்டுட்டு விடுங்க போதும்.

முக்கியமா, ஆஃபர் ஏத்துக்கிட்டாங்கன்னு அட்வான்ஸ் குடுத்து அக்ரிமென்ட் போட்ட மாதிரி நினைக்காதீங்க. இங்கிலாந்துல கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மாத்திக்கிறது) ஆகுற வரைக்கும் ரெண்டு பக்கமும் எதுவும் கட்டுப்படாது, நடுவுல வேற ஒருத்தர் கூட விலை குடுத்தா அவருக்குப் போயிடும், நீங்களும் விலகலாம், சர்வே சொலிசிட்டர் செலவு மட்டும் போகும். எக்ஸ்சேஞ்சுக்கு அப்புறம் விலகுனா வழக்கமா 10 சதவீத டெபாசிட் போச்சு. நாலஞ்சு மாசம் இழுக்கிறது சாதாரணம், இது உங்க மதுரைப் பத்திரத்துக்கு நல்லதுதான்.


வைகைக்கரை:

வேலை நாள்ல ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு மறுபடி போனோம். விமானச் சத்தம் இருந்துச்சு, தாங்க முடியாத அளவு இல்ல. பப்ல சாப்பிட்டுட்டு பேச்சுக் குடுத்தோம், செப்டிக் டேங்க் பத்தி பனங்கூடல் ஐயா கேக்கச் சொன்ன மாதிரியே கேட்டோம், அந்த வீட்டு டேங்க் பக்கத்து வீட்டோட சேந்ததுன்னும் தண்ணி பின்னாடி ஓடைக்குத்தான் போகுதுன்னும் பப்காரரே சொல்லிட்டார். ஜன்னல் லிஸ்ட் பண்ணதுக்கு ரொம்பப் பின்னாடி போட்டது, ஹிஸ்டாரிக் இங்கிலாந்து பதிவுல வீட்டை லிஸ்ட் பண்ணுனது 1980கள்னு தேதி இருக்கு.

வைஃப் கேட்ட கேள்விதான் எங்களை நிறுத்துச்சு. "நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்குறேன், நீங்க கேம்பிரிட்ஜ்ல இருக்கீங்க, ஜனவரி மாசம், அத்தை அந்த வீட்டுல என்ன பண்ணுவாங்க?" பதில் சொல்ல முடியல. அதனால அந்த வீட்டுக்கு ஆஃபர் போடல. பசங்க ரெண்டு நாள் பேசல எங்ககூட. ஆனா கிராமத்தை விடல, டெர்ஸிங்கத்துல ஒரு வீடு வாடகைக்குப் பேசியிருக்கோம், அக்டோபர்லருந்து. குளிர்காலம் முழுக்க அங்க இருந்து பாத்துட்டு, அதுக்குள்ள மதுரை ஃபிளாட் முடிஞ்சுட்டா அங்கயே வாங்குறதா முடிவு. அம்மாவை டிசம்பர்லயே வரச் சொல்லியிருக்கேன்.


பனங்கூடல்:

நல்ல முடிவு தம்பி. அங்க கேஸ் லைன் எல்லாத் தெருவிலயும் இருக்காது, வாடகைக்கு எடுக்க முன்னம் அதையும் கேளுங்கோ. அம்மா வரேக்க நல்ல காலணி ஒண்டு வாங்கி வையுங்கோ, ஊரில இருந்து கொண்டு வாற செருப்பு இந்தச் சேத்துக்குச் சரிவராது.


தாழம்பூ:

கறிவேப்பிலைச் செடி வேணும்னா சொல்லுங்க, என்கிட்ட தொட்டியில ரெண்டு கன்னு தனியா வந்திருக்கு. ஸ்லீஃபோர்ட்லருந்து ஏ17 பிடிச்சு லின்னுக்கு நேரா வந்துரலாம், அம்மா வந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை நாங்களே கொண்டு வந்து குடுத்துட்டு அவங்களையும் பாத்துட்டுப் போறோம்.